எட்டு உலாவிகள், மூன்று எஞ்சின்கள்

ஓர் இணையதளத்தின் வாசலில் போய் நிற்கும் உலாவி, தான் யார் என்பதை ஒரே வரியில் அறிவிக்க வேண்டும் என்பது இணையத்தின் தொடக்ககால ஏற்பாடு. இன்று குரோம் அனுப்பும் அந்த வரியை எடுத்துப் படித்தால் வேடிக்கையாக இருக்கும்: முதலில் ‘மோசில்லா’ என்று போட்டியாளரின் பெயர், அடுத்து ஆப்பிளின் வெப்கிட், பிறகு ‘கெக்கோவைப் போன்ற கேஎச்டிஎம்எல்’ என்றொரு புதிர், அதன் பிறகுதான் சொந்தப் பெயர், கடைசியில் சஃபாரியின் பெயர். நெட்ஸ்கேப் என்ற உலாவி கோலோச்சிய காலத்தில், அதன் உட்பெயரான மோசில்லாவைச் சொன்ன உலாவிகளுக்கு மட்டுமே பல தளங்கள் முழுமையான பக்கத்தைக் காட்டின. ஆகவே பின்னால் வந்த ஒவ்வோர் உலாவியும் முன்னவரின் பெயரைத் தன் பெயரோடு ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக நடந்துவரும் இந்த ஆள்மாறாட்டத்தை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. உலாவிகளை ஒப்பிட உட்காருபவர் பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. உள்ளே ஓடுவது எது, அதற்குப் பணம் தருவது யார் என்று பார்க்க வேண்டும்.

குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ், சஃபாரி, பிரேவ், விவால்டி, ஓபரா, டோர் ஆகிய எட்டையும் ஒவ்வொன்றாக எடுத்து, சில வாரங்களுக்கு அதையே முதன்மை உலாவியாக வைத்துக்கொண்டு என் வழக்கமான வேலைகளைச் செய்து பார்த்தேன். எட்டு ஜிபி நினைவகம் கொண்ட ஒரு விண்டோஸ் மடிக்கணினி, ஒரு மேக், ஓர் ஆண்ட்ராய்டு கைப்பேசி ஆகியவற்றில் சோதித்தேன். நிறுத்தக்கடிகாரத்தை வைத்து வேகத்தை அளக்கவில்லை. பக்கம் திறக்கும் வேகத்தில் இன்று முன்னணி உலாவிகளுக்கு இடையே உள்ள வேறுபாடு சோதனைத் தளங்களின் மதிப்பெண்ணில் தெரியுமே தவிர, கண்ணுக்குத் தெரிவதில்லை. பக்கத்தின் வேகத்தை உண்மையில் தீர்மானிப்பது அதனோடு சேர்ந்து இறங்கும் விளம்பரங்களும் பின்தொடரும் நிரல்களும்தான். அவற்றை வாசலிலேயே தடுக்கும் உலாவி எந்த எஞ்சினில் ஓடினாலும் வேகமாகவே தோன்றும். எனவே, அமைப்புகளில் எதையும் மாற்றாமல் நிறுவியபடியே பயன்படுத்தினால் ஓர் உலாவி நமக்காக என்ன செய்கிறது, நம்மைப் பற்றி யாருக்கு என்ன சொல்கிறது என்பதையே முதன்மை அளவுகோலாகக் கொண்டேன்.

பக்கத்தின் குறிமுறையைப் படித்து எழுத்தாகவும் படமாகவும் திரையில் வரைந்து தரும் பகுதியைத்தான் எஞ்சின் என்கிறோம். உலகத்தில் பெருமளவில் புழங்கும் எஞ்சின்கள் இன்று மூன்றே: கூகுளின் பிளிங்க், ஆப்பிளின் வெப்கிட், ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மோசில்லாவின் கெக்கோ. இவற்றில் முதல் இரண்டும் பங்காளிகள். கேடிஇ என்ற திறமூலத் திட்டத்தினர் (மூலநிரலை எவரும் பார்த்து எடுத்தாளும்படி திறந்துவைப்பவர்கள்) தங்கள் கான்குவரர் உலாவிக்காக எழுதிய கேஎச்டிஎம்எல் என்ற எஞ்சினை எடுத்து ஆப்பிள் 2003-இல் சஃபாரியை வெளிக்கொண்டுவந்தது. அது வெப்கிட் ஆனது. 2008 செப்டம்பரில் குரோமை வெளியிட்ட கூகுளும் அதே வெப்கிட்டைத்தான் பயன்படுத்தியது. 2013-இல் தனிக்குடித்தனம் போய் அதற்கு பிளிங்க் என்று பெயர் வைத்தது. அதே ஆண்டில் ஓபரா தன் சொந்த எஞ்சினான பிரஸ்டோவைக் கைவிட்டு, குரோமின் திறமூல அடித்தளமான கூகுளின் குரோமியத்துக்கு மாறியது. மைக்ரோசாஃப்ட்டும் தனியாகப் போராடிப் பார்த்துவிட்டு, 2020 ஜனவரியில் குரோமியத்தின் மேல் கட்டிய புதிய எட்ஜை வெளியிட்டது. ஆக, குரோம், எட்ஜ், பிரேவ், விவால்டி, ஓபரா ஆகிய ஐந்தும் ஒரே அஸ்திவாரத்தின் மேல் எழும்பிய ஐந்து வீடுகள்.

இந்த ஒற்றுமையால் ஒரு நன்மை உண்டு: குரோமில் சரியாக இயங்கும் தளம் மற்ற நான்கிலும் பெரும்பாலும் சரியாகவே இயங்கும். கெடுதல் அவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது. தளங்களின் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்கும் குரோமியத்தின் பகுதியான வி8-இல் ஒரு பாதுகாப்புக் குறை கண்டுபிடிக்கப்பட்டால், அது ஐந்து உலாவிகளுக்கும் ஒருசேர வரும் குறை. ஆனால் அதற்கான திருத்தம் வழக்கமாக முதலில் குரோமுக்கு வரும், பிறகுதான் ஏனையவை தங்கள் பதிப்பில் அதைச் சேர்த்து வெளியிடும். குரோமியத்தின் அடிப்படையில் அமைந்த சிறிய உலாவி ஒன்றைத் தேர்ந்தெடுக்க நினைப்பவர், அதன் வண்ணத் தோற்றங்களைப் பார்ப்பதற்கு முன், பாதுகாப்புத் திருத்தங்களை அது எத்தனை நாள் தாமதத்தில் தருகிறது என்று பார்ப்பது நல்லது. மேலே சொன்ன நான்கும் இதில் ஓரளவு ஒழுங்காகவே நடந்துகொள்கின்றன. பெயர் தெரியாத எத்தனையோ குரோமிய நகல்கள் அப்படி இல்லை.

குரோமின் முதல் பலம் பாதுகாப்புக் கட்டமைப்பு. வெளிவந்த நாளிலேயே, ஒரு தாவலில் (டேப்) ஏற்படும் கோளாறு மற்றத் தாவல்களைக் கவிழ்த்துவிடாதபடி பக்கங்களைத் தனித்தனிச் செயல்முறைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கூண்டுக்குள் அடைத்து ஓட்டியது அது. 2018-இன் தொடக்கத்தில் ஸ்பெக்டர் என்ற செயலிக் குறைபாடு வெளியானபோது, ஒரே நினைவகத்தில் இருக்கும் இரண்டு தளங்களில் ஒன்று மற்றொன்றின் தரவை உளவு பார்க்க முடியும் என்பது தெரிந்தது. அதே ஆண்டில் குரோம் ஒவ்வொரு தளத்தையும் தனிச் செயல்முறைக்குள் பிரிக்கும் முறையைக் கணினிகளில் பரவலாக நடைமுறைப்படுத்தியது. குரோம் நினைவகத்தைத் தின்கிறது என்று அனைவரும் சொல்லும் குறையின் வேர் இந்தப் பிரிவினையில்தான் இருக்கிறது. அந்த நினைவகம் வீணாவதில்லை, தளங்களுக்கு இடையே எழுப்பிய சுவர்களுக்காகச் செலவாகிறது. நினைவகம் குறைந்த கணினி வைத்திருப்பவருக்கு இந்த விளக்கம் ஆறுதல் தராது என்பதும் உண்மையே. நீண்ட நேரம் பயன்படுத்தாத தாவல்களை உறங்கவைக்கும் நினைவகச் சேமிப்பு வசதி இப்போது குரோமில் இருக்கிறது. அதை இயக்கிவைத்தால் நிலைமை தேறுகிறது. இணையதளம் உருவாக்குபவர்களுக்கான கருவிகளிலும் மொழிபெயர்ப்பிலும் குரோமுக்கு இணையாக நிற்பவை சிலவே.

குரோமின் பலவீனம் நிரலில் இல்லை, அதன் உரிமையாளர் செய்யும் தொழிலில் இருக்கிறது. நாம் எந்தத் தளத்துக்குப் போனாலும் பின்னாலேயே வந்து குறித்துக்கொள்ளும் மூன்றாம் தரப்புக் குக்கிகளை (நாம் பார்க்கும் தளம் அல்லாத பிறர் நம் உலாவியில் வைக்கும் சிறு குறிப்புகளை) இரண்டு ஆண்டுகளுக்குள் ஒழித்துவிடப் போவதாக கூகுள் 2020 ஜனவரியில் அறிவித்தது. பிறகு தவணை கேட்டுக் கேட்டுத் தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. 2025 ஏப்ரலில், இதுகுறித்துப் பயனரிடம் தனியாகக் கேள்வி எதுவும் கேட்கப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டது. வருமானத்தின் பெரும்பகுதி விளம்பரத்திலிருந்து வரும் ஒரு நிறுவனம் தானே முன்வந்து அந்தக் கிளையை வெட்டும் என்று எதிர்பார்த்தது நம் பிழையாகவும் இருக்கலாம். ‘மறைநிலை’ என்ற பெயரில் தரப்படும் சாளரமும் கணினியில் வரலாற்றை விட்டுவைக்காது என்பதைத் தவிர வேறு பெரிய மறைப்பு எதையும் தருவதில்லை. நாம் போகும் தளத்துக்கும், இணைய இணைப்புத் தருபவருக்கும் நம் வருகை தெரியவே செய்யும். இது தொடர்பாக அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கின் சமரசத்தில், மறைநிலையில் திரண்ட தரவுகளை அழிக்க 2024-இல் கூகுள் ஒப்புக்கொண்டது.

விளம்பரத் தடுப்பான்களின் கதை இதைவிட நுட்பமானது. உலாவி அனுப்பும் ஒவ்வொரு வேண்டுகோளையும் நீட்சி (உலாவியோடு நாம் சேர்க்கும் துணைநிரல்) ஒன்று இடையில் நிறுத்திப் பார்த்து, ‘இதை அனுப்பு, இதை விடாதே’ என்று அந்தக் கணத்திலேயே தீர்மானிக்க முன்பு வழி இருந்தது. யூபிளாக் ஆரிஜின் என்ற புகழ்பெற்ற தடுப்பானின் வலிமை அதில்தான் இருந்தது. மேனிஃபெஸ்ட் வி3 என்ற புதிய விதிமுறையின்படி, நீட்சி தன் விதிகளை முன்கூட்டியே ஒரு பட்டியலாக உலாவியிடம் ஒப்படைத்துவிட வேண்டும். தடுக்கும் வேலையை உலாவியே செய்யும். எல்லா வேண்டுகோள்களையும் பார்க்கும் அதிகாரம் ஒரு தீய நீட்சியின் கையில் கிடைத்தால் ஆபத்து என்பது கூகுள் சொன்ன காரணம். அது பொய்க்காரணம் அன்று. ஆனால் பட்டியலின் அளவுக்கும் விதிகளின் நெளிவுசுளிவுக்கும் வரம்பு விழுந்துவிட்டது. பழைய முறையில் எழுதப்பட்ட நீட்சிகள் 2025-இல் குரோமில் முற்றிலும் நின்றுபோயின. யூபிளாக் ஆரிஜினின் இலகுவான பதிப்பு இன்னமும் குரோமில் கிடைக்கிறது; அன்றாட வாசிப்புக்கு அது போதும் என்பதையும், பிடிவாதமான தளங்களில் அது தோற்றுப்போகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எட்ஜைப் பொறுத்தவரை, வசதிகளைப் பார்த்தால் இந்த எட்டில் மிகவும் உழைத்திருப்பவர்கள் மைக்ரோசாஃப்ட்காரர்கள் என்றே சொல்வேன். தாவல்களை மேலே நெருக்கி அடுக்காமல் இடப்பக்கத்தில் பெயர் தெரியும்படி அடுக்கும் வசதியைப் பெரிய உலாவிகளில் முதலில் செம்மையாகத் தந்தது அதுதான். அகலத் திரைகளில் இது பெரிய நிம்மதி. பக்கத்தை உரக்கப் படித்துக் காட்டும் வசதியில் எட்ஜுக்கு நிகர் இல்லை. தமிழ்ப் பக்கங்களையும் மனிதக் குரலுக்கு நெருக்கமான குரலில் அது வாசிக்கிறது. கண் சோர்ந்த வேளைகளில் நீண்ட கட்டுரைகளை நான் இப்படித்தான் கேட்டு முடித்தேன். பிடிஎஃப் கோப்புகளைத் திறந்து குறிப்பு எழுதுவதற்கும் தனிச் செயலி தேவைப்படவில்லை. இவ்வளவு நல்லதைச் செய்துவிட்டு, முதல் பக்கத்திலேயே செய்திக் குப்பையைக் கொட்டி, பொருள் வாங்கும்போது தள்ளுபடிக் கூப்பனை நீட்டி, தேடுபொறியை பிங் ஆக்கச் சொல்லி, வேறோர் உலாவியைத் தரவிறக்கப் போனால் ‘ஏன் போகிறீர்கள்’ என்று குறுக்கே வந்து நிற்பதுதான் எட்ஜின் குறை. நிறுவியவுடன் அரை மணி நேரம் செலவழித்து இவை ஒவ்வொன்றையும் அணைத்துவிட்டால், கீழே இருப்பது அருமையான உலாவி. அந்த அரை மணி நேரத்தை எத்தனை பேர் செலவழிப்பார்கள் என்பதைத்தான் அந்த நிறுவனம் கணக்குப் போட்டிருக்கிறது.

ஃபயர்பாக்ஸின் முதல் பதிப்பு 2004 நவம்பரில் வந்தபோது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 என்ற தேங்கிய குட்டையில்தான் உலகம் உலாவிக்கொண்டிருந்தது. அந்தத் தேக்கத்தை உடைத்த பெருமை இதற்கு உண்டு. பிறகு சில ஆண்டுகள் கனத்து, தளர்ந்து, 2017 நவம்பரில் குவாண்டம் என்ற பெயருடன் வந்த 57-ஆம் பதிப்பில் மீண்டும் எழுந்தது. இன்று இதன் தனிச்சிறப்பு, கூகுளின் அஸ்திவாரத்தின் மேல் நிற்காத பெரிய உலாவிகளில் எல்லா இயங்குதளங்களிலும் கிடைக்கும் ஒரே உலாவி இதுதான் என்பது. யூபிளாக் ஆரிஜின் இங்கே முழு வலிமையோடு இயங்குகிறது. 2022 ஜூனிலிருந்து எல்லாப் பயனர்களுக்கும் இயல்பாகவே ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் தனித்தனி ஜாடியில் அடைத்து வைக்கிறது. ஆகையால் ஒரு சமூக ஊடகம் நம்மைப் பற்றி இங்கே வைத்த குறிப்பை வேறொரு தளத்தில் எடுத்துப் படிக்க முடியாது.

இதைவிட எனக்கு அன்றாடம் உதவுவது ‘கன்டெய்னர்’ எனப்படும் கொள்கலன் தாவல்கள். மோசில்லாவே தரும் ஒரு நீட்சியை நிறுவினால், ஒரே சாளரத்தில் ஒரே அஞ்சல் தளத்தில் அலுவலகக் கணக்கையும் சொந்தக் கணக்கையும் அடுத்தடுத்த தாவல்களில் திறந்து வைக்கலாம். ஒன்றின் வாசனை மற்றொன்றில் ஒட்டாது. குரோமிலும் இதைச் செய்யத் தனிச் சுயவிவரங்கள் இருக்கின்றன என்றாலும், அவை ஒவ்வொன்றும் ஒரு தனிச் சாளரம் கேட்கும். கடவுச்சொற்களையும் வரலாற்றையும் பல கருவிகளுக்கு இடையே ஒத்திசைக்கும்போது, ஃபயர்பாக்ஸ் அவற்றை நம் கருவியிலேயே பூட்டி அனுப்புகிறது. மோசில்லாவாலும் திறந்து பார்க்க முடியாது. குரோமில் எல்லாத் தரவுக்கும் அதே பாதுகாப்பு வேண்டுமென்றால் நாமே அமைப்புகளுக்குள் போய்த் தனியாக ஒரு ரகசியத் தொடர் வைக்க வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் ஃபயர்பாக்ஸ் நீட்சிகளை அனுமதிக்கிறது. கைப்பேசியில் விளம்பரமில்லாத பக்கத்தை ஒருமுறை படித்துப் பழகியவர் பழைய நிலைக்குத் திரும்புவது கடினம்.

குறைகள் சிறியவை அல்ல. பல தளங்கள் இன்று குரோமில் மட்டுமே சோதிக்கப்பட்டு வெளியாகின்றன. நான் ஒரு விண்ணப்பப் படிவத்தை ஃபயர்பாக்ஸில் நாற்பது நிமிடம் செலவழித்து நிரப்பி முடித்த பிறகு, ‘சமர்ப்பி’ என்ற பொத்தான் அசையவே இல்லை. உதவி எண்ணில் பேசியவர் என்ன உலாவி என்று கேட்டுவிட்டு, பெயரைச் சொன்னதுமே பெருமூச்சு விட்டார். தவறு அந்தத் தளத்தை எழுதியவர்களுடையது என்றாலும், திரும்ப நிரப்பியது நான்தான். யூஎஸ்பி, புளூடூத் கருவிகளோடு உலாவி வழியாகவே பேசும் வசதிகளைப் பாதுகாப்பு, அந்தரங்கக் காரணங்களுக்காக மோசில்லா ஏற்கவில்லை. நுண்கட்டுப்பாட்டுக் கருவிகளை (மைக்ரோகண்ட்ரோலர்) உலாவியிலிருந்தே நிரலாக்குபவர்களுக்குக் குரோமிய உலாவி ஒன்று பெரும்பாலும் தேவைப்படும். 2025 பிப்ரவரியில், பயனர் தரவை ‘ஒருபோதும் விற்க மாட்டோம்’ என்ற பழைய வாக்குறுதியை மோசில்லா தன் பக்கங்களிலிருந்து எடுத்தபோது பெரும் சலசலப்பு எழுந்தது. ‘விற்பனை’ என்ற சொல்லுக்குச் சில சட்டங்கள் மிக விரிந்த பொருள் தருவதால்தான் மாற்றினோம் என்று விளக்கம் சொல்லி, விதிமுறையின் சொற்களைத் திருத்தினார்கள். விளக்கம் ஏற்கத்தக்கதே, ஆனால் நம்பிக்கையையே மூலதனமாகக் கொண்டவர்கள் அதை இவ்வளவு அசட்டையாகக் கையாண்டிருக்க வேண்டாம்.

பணம் தருவது யார் என்ற கேள்விக்கு இங்கே விடை சொல்லியாக வேண்டும். மோசில்லாவின் வருமானத்தில் பெரும்பங்கு, ஃபயர்பாக்ஸில் கூகுளை இயல்பான தேடுபொறியாக வைத்திருப்பதற்காக கூகுள் தரும் தொகை. சஃபாரியிலும் அதே ஏற்பாடுதான். 2022-ஆம் ஆண்டுக்கு மட்டும் கூகுள் ஆப்பிளுக்குக் கொடுத்த தொகை 2,000 கோடி டாலர் என்பது அமெரிக்க அரசு தொடுத்த வழக்கின் ஆவணங்களில் வெளியானது. தேடல் சந்தையில் கூகுள் சட்டவிரோதமாக முற்றுரிமையைக் காத்துவந்தது என்று 2024 ஆகஸ்டில் அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில் வந்த பரிகார உத்தரவு குரோமை விற்கச் சொல்லவில்லை. பிரத்தியேக ஒப்பந்தங்களைத் தடுத்தாலும் இத்தகைய தொகைகளை அடியோடு நிறுத்தவும் இல்லை. நிறுத்தியிருந்தால் முதலில் மூச்சுத் திணறியிருப்பது கூகுள் அன்று, ஃபயர்பாக்ஸ்தான். ஒரு நிறுவனத்தின் ஆதிக்கத்துக்கு மாற்று என்று நாம் கைகாட்டும் உலாவி, அதே நிறுவனத்தின் பணத்தில்தான் உயிர்வாழ்கிறது. இதை அறிந்தே நான் அதைத் தேர்ந்தெடுக்கிறேன். ஆனால் தூய்மையான தேர்வு என்று யாரிடமும் சொல்வதில்லை.

சஃபாரி ஆப்பிள் கருவிகளில் மட்டுமே கிடைப்பது. விண்டோஸுக்கு 2007-இல் வந்த பதிப்பு 2012-இல் நின்றுபோனது. மேக்கில் மின்கலம் நீடிப்பதில் இதை மிஞ்ச மற்றவற்றால் முடியவில்லை. எஞ்சினையும் இயங்குதளத்தையும் ஒருவரே செய்வதன் பலன் அது. பின்தொடர்தலைத் தடுப்பதிலும் இது முன்னோடி: 2017-இல் தொடங்கி, 2020 மார்ச்சில் மூன்றாம் தரப்புக் குக்கிகளை முழுமையாக அடைத்துவிட்டது. அந்த மருந்தின் பக்கவிளைவும் உண்டு. தளங்கள் நிரல் வழியாக நம் உலாவியில் சேமித்து வைக்கும் தரவை, உலாவியைப் பயன்படுத்திய ஏழு நாட்களுக்குள் நாம் அந்தத் தளத்தைத் தொடாவிட்டால் சஃபாரி அழித்துவிடும். இணைப்பில்லாமலும் இயங்கும்படி எழுதப்பட்ட சிறு குறிப்பேட்டுத் தளங்களில் பாதி எழுதியதை வைத்துவிட்டு விடுமுறைக்குப் போவது புத்திசாலித்தனம் அன்று. நீட்சிகள் குறைவு, புதுப்பிப்புகள் பெரும்பாலும் இயங்குதளத்தோடு கட்டப்பட்டவை என்பதால், பழைய கருவி வைத்திருப்பவர் பழைய உலாவியோடு நிற்க நேரிடும். இணையத்தின் புதிய வசதிகளை ஏற்பதிலும் நிதானம் அதிகம்: தளங்கள் அனுப்பும் அறிவிப்புகள் ஐபோனுக்கு வர 2023 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஐபோனில் குரோம், ஃபயர்பாக்ஸ் என்று எந்தப் பெயரில் நிறுவினாலும் உள்ளே ஓடுவது வெப்கிட்தான். 2024-இல் ஐரோப்பிய ஒன்றியத்திலும், 2025 டிசம்பரில் ஜப்பானிலும் மட்டும், அங்குள்ள சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வேறு எஞ்சினுக்கு ஆப்பிள் வழிவிட்டது. ஆகவே ஐபோனில் ‘எந்த உலாவி வேகமானது’ என்று ஒப்பிட்டு எழுதப்படும் பட்டியல்களைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

அமைப்புகளில் கையே வைக்க விரும்பாதவர்களுக்கு பிரேவ் பொருத்தமானது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியை 1995-இல் உருவாக்கியவரும் மோசில்லாவை நிறுவியவர்களில் ஒருவருமான பிரெண்டன் ஐக் தொடங்கிய நிறுவனத்தின் படைப்பு இது. விளம்பரத் தடுப்பான் உலாவிக்குள்ளேயே எழுதப்பட்டிருப்பதால், மேனிஃபெஸ்ட் விதிமுறை மாற்றம் அதைத் தொடவில்லை. எழுத்துருக்கள், திரையின் அளவு, வரைகலைச் சில்லு போன்ற விவரங்களைக் கூட்டி நம் கருவிக்கு ஒரு ‘விரல்ரேகை’ தயாரிக்கும் தந்திரத்தைக் குலைப்பதற்காக, தளங்களுக்குத் தரும் சில விடைகளைச் சிறிதே மாற்றித் தருகிறது. ஒத்திசைவுக்குக் கணக்கு எதுவும் தொடங்க வேண்டாம். சொற்களின் ஒரு நீண்ட சங்கிலியே திறவுகோல். அதைத் தொலைத்தால் மீட்டுத் தருவார் யாரும் இல்லை. இத்தனை நல்லதுக்கும் நடுவே மெய்நிகர் நாணயம், பணப்பை, விளம்பரம் பார்த்தால் வெகுமதி என்று ஒரு சந்தையையே உள்ளே வைத்திருக்கிறார்கள். 2020 ஜூனில், சில நாணயப் பரிமாற்றத் தளங்களின் முகவரியைத் தட்டச்சு செய்யும்போது உலாவி தன் கமிஷன் குறியீட்டையும் தானாகச் சேர்த்தது வெளியானது. தவறு என்று ஒப்புக்கொண்டு நீக்கினார்கள். அந்தரங்கத்தைக் காப்பவர் என்று பெயர் எடுத்தவரிடம் அப்படி ஒரு எண்ணம் தோன்றியதே எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

விவால்டி, ஓபராவின் பழைய தலைவர் யோன் வான் டெட்ஸ்னரின் முயற்சி. முதல் பதிப்பு 2016-இல் வந்தது. தாவல்களை அடுக்கலாம், ஒரே சாளரத்தில் நான்கைப் பிரித்துக் காட்டலாம், குறிப்பெழுதலாம், அஞ்சலும் உள்ளேயே படிக்கலாம். நாற்பது, ஐம்பது தாவல்களோடு ஆராய்ச்சி செய்பவருக்கு இது வரம். உலாவியின் வெளித்தோற்றமே இணையத் தொழில்நுட்பத்தில் எழுதப்பட்டிருப்பதால், பழைய கணினியில் சாளரம் திறக்கும்போது ஒரு சோம்பல் தெரிகிறது. அந்தத் தோற்றப் பகுதி திறமூலமும் அன்று.

ஓபராவைப் பற்றி நீட்டி எழுத மனம் வரவில்லை. நார்வேயில் 1990-களின் நடுவில் பிறந்து, மற்றவர்கள் பின்னாளில் எடுத்துக்கொண்ட எத்தனையோ யோசனைகளை முதலில் செய்து காட்டிய உலாவி அது. 2016-இல் சீன முதலீட்டாளர் குழுவின் கைக்குப் போனது. அதில் இலவசமாகத் தரப்படும் ‘விபிஎன்’ உலாவியின் போக்குவரத்தை மட்டும் வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் ஏற்பாடு. கணினி முழுவதற்குமான விபிஎன் என்று எண்ணிவிடக் கூடாது. கைப்பேசிக்கான ஓபரா மினி மெதுவான இணைப்பில் இன்றும் பயனுள்ளது. ஆனால் அதன் உச்சச் சேமிப்பு முறையில் பக்கம் அவர்கள் சர்வரில் திறக்கப்பட்டுச் சுருங்கி வருவதால், பணப் பரிமாற்றத்துக்கு அதைப் பயன்படுத்த மாட்டேன்.

டோர் உலாவியை மற்ற ஏழோடு ஒப்பிடுவதே பொருந்தாது. நீண்டகால ஆதரவு கொண்ட ஃபயர்பாக்ஸ் பதிப்பின் மேல் கட்டப்பட்டு, பயனர் யார், எங்கிருந்து வருகிறார் என்பதை மறைப்பதற்காக ஒவ்வொரு வேண்டுகோளையும் மூன்று இடைநிலைகள் வழியாக அனுப்புவது அது. மெதுவாகத்தான் இருக்கும், பல தளங்கள் சந்தேகத்தோடு புதிர்களைப் போடும். சாளரத்தைத் திரை முழுவதும் விரித்தால் பக்கத்தைச் சுற்றிச் சாம்பல் நிற விளிம்பு ஒன்றை அது விட்டுவைப்பதைப் பார்த்துப் பழுது என்று நினைக்க வேண்டாம். திரையின் உண்மையான அளவைத் தளம் அறியாதபடி எல்லோரையும் ஒரே அச்சில் நிறுத்துவதற்காகச் செய்த ஏற்பாடு. அதில் நம் வழக்கமான அஞ்சல் கணக்கைத் திறந்தால் அத்தனை உழைப்பும் வீண்.

என் கணினியில் இப்போது இரண்டு உலாவிகள் நிலைத்திருக்கின்றன. படிப்பு, தேடல், எழுத்து எல்லாம் யூபிளாக் ஆரிஜின் பூட்டிய ஃபயர்பாக்ஸில். அடம்பிடிக்கும் படிவங்களுக்கும் காணொளிக் கூட்டங்களுக்கும் உரக்கப் படிக்கக் கேட்பதற்கும், ஆரவாரங்களையெல்லாம் அணைத்துவைத்த எட்ஜ். எதுவும் மாற்றத் தெரியாத உறவினர் கேட்டால் பிரேவை நிறுவி, நாணயம் தொடர்பான பொத்தான்களை மறைத்துக் கொடுக்கிறேன். மேக் மடிக்கணினியோடு நாள் முழுவதும் மின்செருகி இல்லாமல் அலைபவர் சஃபாரியை விட்டு வெளியே வரவேண்டிய தேவை இல்லை. கைப்பேசியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: சமூக ஊடகச் செயலிகளுக்குள் ஓர் இணைப்பைத் தொட்டால், நாம் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த உலாவி பெரும்பாலும் திறப்பதில்லை, அந்தச் செயலி தனக்குள்ளேயே வைத்திருக்கும் சாளரம்தான் திறக்கிறது. அந்தச் செயலிகள் பலவற்றின் அமைப்புகளில், இணைப்புகளை வெளி உலாவியில் திறக்கச் சொல்லும் விருப்பம் இருக்கிறது. அதை இயக்கிவைக்காவிட்டால் மேலே சொன்ன தடுப்பான்கள் எதுவும் அங்கே வேலை செய்யாது.

மாறுவது கடினமான வேலை அன்று. எல்லா உலாவிகளும் புக்மார்க்குகளை ஒரே வகைக் கோப்பாக வெளியே தருகின்றன. அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தால் முதல் வரியில் இன்றும் ‘நெட்ஸ்கேப் புக்மார்க் கோப்பு’ என்றுதான் எழுதியிருக்கும். கடவுச்சொற்களை ஒரே கணினியில் மாற்றும்போது புதிய உலாவி பழையதிலிருந்து நேரடியாக எடுத்துக்கொள்ள முடிந்தால் அதையே செய்ய வேண்டும். முடியாமல் சிஎஸ்வி கோப்பாக இறக்க நேர்ந்தால், அது பூட்டு எதுவும் இல்லாத வெறும் எழுத்துக் கோப்பு, நம் கடவுச்சொற்கள் அத்தனையும் அதில் வரிசையாகப் படிக்கக் கிடைக்கும் என்பதை நினைவில் வைத்து, புதிய உலாவியில் ஏற்றி முடித்த உடனேயே அதை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலிசெய்துவிட்டுத்தான் நாற்காலியிலிருந்து எழ வேண்டும்.